ஃபோர்டு: வந்ததும் போனதும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளும்

ஐகான்காரர், சிங்கப்பெருமாள் கோவில்

என் தந்தையார் 2000ஆம் ஆண்டு இறுதியில் வாங்கிய ஃபோர்டு ஐகான் 1.6 வண்டிக்கு, சென்ற மாதம் மூன்றாவது முறையாக மறுபதிவு முடிந்தது. பதினைந்து ஆண்டு நிறைந்தபோது ஒரு முறை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று கணக்குப் பார்த்தால் இப்போது அதற்கு இருபத்தைந்து வயது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வளாகத்தில் எனக்குப் பின்னால் நின்ற இளைஞர், முன்புறத்து நீல நிற முட்டை வடிவச் சின்னத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த கம்பெனி இன்னும் இருக்கிறதா சார்?" என்று கேட்டார். ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையின் மதில் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கேள்விதான் இணைய மன்றத்தில் இந்த உரையாடல் இழையைத் தொடங்க வைத்தது. 1995இல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. 1996இல் நாசிக்கில் கட்டிய எஸ்கார்ட் காரை விற்றது. 1999இல் மறைமலைநகரில் சொந்த ஆலையிலிருந்து ஐகானை வெளியிட்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகளை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட லாரிகள் தெரியும், அப்பா நின்று எண்ணுவார். தொண்ணூற்றிரண்டு குதிரைத்திறன் கொண்ட, ரோகாம் என்று பெயரிட்ட அதன் என்ஜின் அந்தக் கால நடுத்தரக் குடும்பத்து செடானுக்கு அதிகம் என்று பலரும் சொன்னார்கள். அவரோ சொந்த மண்ணில் செய்த வண்டி என்பதற்காகவே வாங்கினார். அமெரிக்க வண்டி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது எனக்கு ஓர் உடனடித் தேவையும் இருக்கிறது. ஒரு ஷேர் ஆட்டோ உரசிச் சென்றதில் இடப்பக்க வெளிக்கண்ணாடி அதன் கூட்டோடு பெயர்ந்துவிட்டது. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் புதிது இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள், பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் பயனில்லை. ஃபோர்டு வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும், இந்நிறுவனத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அதையும் எழுத வேண்டுகிறேன்.

பழைய கணக்கு, மதுரை

நண்பருக்கு ஒரு திருத்தம். ஃபோர்டு 1995இல் வந்தது முதல் முறையன்று, இரண்டாம் முறை. 1926இலேயே இந்தியாவில் ஃபோர்டுக்குக் கிளை நிறுவனம் ஏற்பட்டுவிட்டது. அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருந்தது அல்ல, கனடாவில் இருந்த ஃபோர்டு. டெட்ராய்ட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் வாக்கர்வில் என்னும் ஊரில் 1904இல் தொடங்கிய கனடா ஃபோர்டுக்கு, பிரிட்டன் நீங்கலாகப் பிரிட்டிஷ் பேரரசின் மற்ற நாடுகளில் விற்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. பேரரசுக்குள் சரக்கு அனுப்பினால் சுங்கத்தில் சலுகை உண்டு என்பதால் அமெரிக்க வண்டி கனடா வழியாக நம் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. பாகங்களாகப் பெட்டியில் வந்ததை இங்கே பொருத்தி விற்றார்கள்.

விடுதலைக்குப் பிறகு அரசு கேட்ட கேள்வி எளிமையானது: பொருத்துவது போதாது, இங்கேயே படிப்படியாகச் செய்யப் போகிறீர்களா, இல்லையா? 1953இல், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் கடையைக் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. அம்பாசிடரும் பியட்டும் நாற்பது ஆண்டு நம் சாலைகளை ஆண்டதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். இடைக்காலத்தில் ஃபோர்டு என்ற பெயர் அறவே மறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபரிதாபாத்தில் கூட்டாகத் தயாரித்த ஃபோர்டு டிராக்டர் 1970களில் கிராமங்களுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வயதான விவசாயிகளிடம் ஃபோர்டு என்றால் இன்றைக்கும் நீல நிற டிராக்டர்தான் நினைவுக்கு வரும், கார் அல்ல.

டியர்பார்ன்வாசி, மிச்சிகன்

நான் வசிப்பது ஃபோர்டின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில். இங்கே கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்று ஹென்றி ஃபோர்டு உண்டாக்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. பழைய மாடல் டி கார்களில் பார்வையாளர்களை ஏற்றிச் சுற்றிவருவார்கள். ஊரிலிருந்து வந்த மாமாவை ஒரு முறை அழைத்துச் சென்றேன். முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர், ஓட்டுநரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று மிதிகள் இருந்தன, ஆனால் எதுவும் அவர் அறிந்த வேலையைச் செய்யவில்லை. இடது மிதியை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் மேல் கியர். நடு மிதி பின்னால் போவதற்கு. வலது மிதிதான் பிரேக். ஆக்சிலேட்டர் காலில் இல்லை. ஸ்டீயரிங் வளையத்தின் கீழே வலப்பக்கம் ஒரு சிறு கம்பியாக நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கியதும் மாமா சொன்னது: "இதை ஓட்டக் கற்றவன் வேறு எந்த வண்டியையும் ஓட்ட முடியாதே, மாப்பிள்ளை!"

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் பம்ப் இல்லாததால் இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து எரிபொருள் தானாக வழிந்து என்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் என்ஜின் மேலேயும் தொட்டி கீழேயும் ஆகிவிடும். அதனால் வண்டியைத் திருப்பிப் பின்புறமாக மேடேற்றினார்கள்.

1908 அக்டோபரில் வெளிவந்த அந்த வண்டி 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றதற்கு இந்த விநோதங்கள் தடையாக இருக்கவில்லை. காரணம் விலை. தொடக்கத்தில் 850 டாலராக இருந்தது 1920களின் நடுவில் 300க்கும் கீழே இறங்கியது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசையைக் கொண்டுவந்ததும், ஒரு அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் ஒரே மரையை நாள் முழுவதும் திருகும் வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. நூறு பேர் தேவைப்படும் இடத்துக்கு ஆண்டில் பல நூறு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அறிவித்த நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். இதைத் தாராள மனம் என்று மட்டும் எழுதுவோர், அந்தக் கூலிக்குத் தகுதியானவரா என்று தொழிலாளியின் வீட்டுக்கே சென்று சேமிப்பு, குடி, குடும்ப ஒழுங்கு முதலியவற்றை விசாரிக்க நிறுவனம் ஒரு துறையையே வைத்திருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.

இப்போது மறைமலைநகர் பற்றி. 2018 முதல் இங்கு அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட் என்னும் சிறிய எஸ்.யூ.வி. வண்டிகள் அனைத்தும் சென்னை ஆலையில் செய்தவை. என் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒன்று வைத்திருக்கிறார். அமெரிக்க நிறுவனத்தின் வண்டியைத்தான் வாங்குவேன் என்று கடைக்குப் போனவர். ஒரு நாள் முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் அடையாள எண்ணைக் காட்டினேன். அது எம்.ஏ.ஜே. என்று தொடங்கியது, இந்தியாவில் செய்த ஃபோர்டு வண்டிக்குரிய முன்னெழுத்துகள். அவருக்கு நம்பவே முடியவில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஐகான்காரரின் தந்தையார் சொன்னதில் தவறில்லை. டியர்பார்னில் ஓடுவதும் செங்கல்பட்டு மாவட்டத்து வண்டிதான்.

முடிச்சூர் ஃபிகோ

நான் 2012 முதல் ஃபிகோ 1.4 டீசல் வைத்திருக்கிறேன். 2010இல் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் அறிமுகமான ஃபிகோதான் இந்த நிறுவனத்தை நம் ஊரில் சாமானியர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்த டீசல் என்ஜின் பிரெஞ்சு நிறுவனமான பீஜோ சிட்ரோயனோடு சேர்ந்து உருவாக்கியது. வேகமாக ஓடாது, சிக்கனமாக ஓடும். தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே மூச்சில் போய் இறங்கினாலும் இடுப்பு வலி தெரியாது என்பது என் மனைவியின் சான்றிதழ். ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை என்பதால் சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரியும். இப்போதைய மின்சார ஸ்டீயரிங் வண்டிகளை ஓட்டும்போது எனக்கு ஏதோ கையுறை போட்டுக்கொண்டு சோறு பிசைவது போல இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செய்த ஒரு தவறைப் பிறருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். தண்ணீர் வடிந்த மறுநாள், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், ஏர் ஃபில்டரைத் திறந்தும் பார்க்காமல், பதற்றத்தில் சாவியைத் திருகினேன். ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாமல், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்துவிட்டது. குற்றம் முழுக்க என்னுடையது. முதலில் கொண்டுபோன ஒரு பட்டறையில் என்ஜினையே மாற்ற வேண்டும் என்று வண்டியின் பாதி விலைக்கு மதிப்பீடு தந்தார்கள். வேறொரு மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, நான்கு ராடுகளையும் தரையில் வரிசையாக வைத்து, மூன்றாவதை மட்டும் தனியே எடுத்து என் கையில் கொடுத்தார். கண்ணுக்கு அது நேராகவே தெரிந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் ஆட்டம் தெரிந்தது. அந்த ஒரு ராடு, பேரிங், கேஸ்கெட் இவற்றோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

கோவை எகோபூஸ்ட்

எகோஸ்போர்ட் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதாதது வியப்பாக இருக்கிறது. 2013 ஜூனில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேலான விலையில் அது வந்தபோது, முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நீளம் நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. தற்செயல் அன்று, நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் என்ஜின் 1.2 லிட்டருக்கோ டீசல் என்ஜின் 1.5 லிட்டருக்கோ மேற்படாவிட்டால் வரி குறையும். அதனால்தான் எகோபூஸ்ட் என்ற ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கும் 1.5 டீசலுக்கும் சலுகை கிடைத்தது, சாதாரண 1.5 பெட்ரோலுக்குக் கிடைக்கவில்லை.

என்னுடையது அந்த ஒரு லிட்டர் வண்டி. மூன்றே சிலிண்டர், டர்போ, என்ஜின் பிளாக்கின் அடிப்பரப்பு ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கும் என்று நிறுவனமே பெருமையாகச் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிராக நெடுஞ்சாலையில் ஐந்து பேரோடு போகும்போது இந்தச் சிறிய என்ஜின் திணறவில்லை. ஆனால் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் டைமிங் பெல்ட் வெளியே உலர்ந்து ஓடுவதில்லை, ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும். தவறான ஆயில் ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய காலத்தைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட்டின் ரப்பர் சிதைந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். "ஏதாவது ஆயில் ஊற்றுங்கள்" என்று சொல்லும் இடத்தில் இந்த வண்டியை விடவே கூடாது. டப்பாவின் மேல் ஃபோர்டு குறிப்பிட்ட தர எண் இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கவிடுகிறேன்.

பழைய கணக்கு, மதுரை

கோவை நண்பர் சொன்ன எகோஸ்போர்ட்தான் ஃபோர்டின் வெற்றியும் தோல்வியும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்.யூ.வி. என்ற ஒரு புதிய வகைக்குச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். 2016இல் மாருதி பிரெஸா வந்தது, 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் ஹூண்டாய் வென்யூ. இவ்வளவு காலத்திலும் ஃபோர்டு செய்தது 2017இல் ஒரு முகமாற்றமும் புதிய பெட்ரோல் என்ஜினும்தான், அடுத்த தலைமுறை வரவே இல்லை. இதற்கிடையே 2015இல் குஜராத்தின் சானந்தில் நூறு கோடி டாலர் முதலீட்டில் இரண்டாவது ஆலை திறந்திருந்தார்கள். இரண்டு ஆலைகள், விற்பதற்கு நான்கைந்து வண்டிகள், சந்தையில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைந்த பங்கு. மகிந்திராவோடு மீண்டும் கூட்டுச் சேர 2019இல் போட்ட ஒப்பந்தம் 2020 டிசம்பர் 31ஆம் நாள் கலைந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கூறி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

இந்தியர்களுக்கு நல்ல வண்டியின் அருமை தெரியவில்லை, மைலேஜ் மட்டுமே பார்த்தார்கள் என்று சொந்தக்காரர்கள் பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதே வாடிக்கையாளர்கள்தான் ஃபிகோவையும் எகோஸ்போர்ட்டையும் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்க வந்தவனுக்கு அடுத்த வண்டியைக் காட்டவில்லை என்பதே குறை.

திருமுடிவாக்கம் டை

நான் கார் வைத்திருப்பவன் அல்லேன். உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பிரஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். பெரிய சப்ளையருக்கு நாங்கள் கொடுப்போம், அவர்கள் மறைமலைநகருக்குக் கொடுப்பார்கள். நாங்கள் அடித்தது உள்ளங்கை அகலத் தகட்டுத் தாங்கி. வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரர் யாருக்கும் தெரிந்திருக்காது.

கண்ணாடி, தாங்கி போன்றவை ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். வண்டி ஓடும் காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அடிப்போம், ஒரு துண்டின் அடக்க விலை சில ரூபாய். வண்டியின் உற்பத்தி நின்றதும் டையை, அதாவது தகட்டை வடிவத்துக்கு அடிக்கும் அச்சை, துடைத்து, கிரீஸ் பூசி, மேலே வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி அலமாரியில் ஏற்றிவிடுவோம். பிறகு எப்போதாவது முந்நூறு வேண்டும் என்று ஆர்டர் வரும். அரை டன் டையை இறக்கி, பிரஸ்ஸில் பூட்டிச் சரிபார்க்கவே அரை நாள் போய்விடும், முந்நூறும் அரை மணியில் அடித்து முடிந்துவிடும். அந்த அரை நாள் கூலியும் முந்நூறு துண்டின் மேல்தான் ஏறும். அதனால் ஆர்டர்களைச் சேர்த்துவைத்து ஒன்றாக அடிப்பார்கள், நீங்கள் அதுவரை காத்திருப்பீர்கள். பெல்ட், பிரேக் பேட், ஃபில்டர் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எல்லாரும் மாற்றும் பொருள் என்பதால் பல நிறுவனங்கள் செய்கின்றன. அபூர்வமாக உடைவதுதான் அபூர்வமாகக் கிடைக்கும்.

2022 ஜூலையில் சென்னை ஆலையின் கடைசி எகோஸ்போர்ட் வெளிவந்தபோது, எங்கள் அலமாரியில் ஏறிய டைகளின் எண்ணிக்கை பதினொன்று. ஒவ்வொன்றும் ஒருவருடைய ஷிஃப்ட் சம்பளம்.

ஐகான்காரர், சிங்கப்பெருமாள் கோவில்

1926 பற்றிய திருத்தத்துக்கு நன்றி. அப்படியானால் இப்போது நடப்பது மூன்றாவது வருகையா? 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக மறைமலைநகர் ஆலையை மீண்டும் பயன்படுத்த விருப்பம் தெரிவித்துத் தமிழ்நாடு அரசிடம் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் இறுதியில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள் செய்யும் திட்டத்துக்கு ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்கிறார்கள். சானந்து கார் ஆலையை டாடாவுக்கு விற்றவர்கள் இதை விற்காமல் வைத்திருந்ததற்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது.

பழைய கணக்கு, மதுரை

ஏற்றுமதிக்கு என்ஜின் செய்வதை வருகை என்று நான் சொல்ல மாட்டேன். மேலும் சோழிங்கநல்லூரில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை செய்யும் ஃபோர்டின் மையம் இடையில் ஒரு நாளும் மூடவில்லை. போனது கார் விற்பனைதான். அது திரும்புவதாக யாரும் சொல்லவில்லை.

திருமுடிவாக்கம் டை

கார் வருகிறதா என்பது உங்கள் கவலை, ஐயா. என்ஜினுக்கும் தகட்டுத் தாங்கி வேண்டும். எங்களுக்கு அது வருகைதான்.

கோவை எகோபூஸ்ட்

ஐகான்காரருக்கு: இன்று மாலை வேறொரு வேலையாக உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போயிருந்தேன். ஒரு கடைக்காரர் மாடிப்படிக்கு அடியிலிருந்து ஐகானின் இடப்பக்கக் கண்ணாடியைக் கூட்டோடு எடுத்துத் தந்தார். கண்ணாடியில் கீறல் இல்லை, உள்ளிருந்து திருப்பும் கம்பி வேலை செய்கிறது, திருகு போடும் மூன்று துளைகளும் உடையாமல் இருக்கின்றன. அறுநூறு ரூபாய் சொன்னார், நானூற்று ஐம்பதுக்கு இறங்கினார். ஆனால் கூடு மெரூன் நிறம். தங்கள் வண்டி என்ன நிறம் என்று தெரியாததால் நாளை காலை வரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐகான்காரர், சிங்கப்பெருமாள் கோவில்

என் வண்டி வெள்ளை. பரவாயில்லை நண்பரே, வாங்கிவிடுங்கள். பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன், கண்ணாடியைப் பார்சல் லாரியில் செங்கல்பட்டுக்குப் போட்டுவிட்டால் போதும்.